ரெஜி காத்திருந்த இடம்

சுவிஸ் நகரமான பாசலில் ட்ராமுக்குள் நின்றுகொண்டிருந்தபோது ரெஜினாவின் தம்பி கைபேசியில் அழைத்தான். "ரெஜியக்கா போயிட்டா அக்கா. மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சதாம்." சனிக்கிழமை ஒத்திகைக்கு வருகிறேன் என்று முதல்நாள்தான் அவளுக்குச் செய்தி அனுப்பியிருந்தேன். இறங்கவேண்டிய நிறுத்தம் கடந்துபோனதுகூட எனக்குத் தெரியவில்லை.

லோசானில் பிறந்து, அங்கேயே தேவாலயத்தில் ஓர்கன் வாசித்த ரெஜியை, அவள் நினைவுக்காக இங்கே கூடியிருக்கும் உங்களில் பலருக்குத் தெரியும். பரதநாட்டியக்காரியான என்னோடு அவளுக்கு என்ன வேலை என்று கேட்டவர்களும் உங்களில் உண்டு. ஒரு பிரெஞ்சுக் குறியீட்டுக் கவிதையையும், அதிலிருந்து பிறந்த, எதையும் திட்டமாகச் சொல்லாமல் சாயலாக மட்டும் காட்டும் இம்ப்ரெஷனிச இசையையும் நான் ஆடவேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம். முதன்முதலில் அவள் பியானோவில் வாசித்துக் காட்டியபோது, தொடையில் தாளம் போட்டுப் பார்த்துத் தோற்றேன்.

"இதில தாளம் எங்கயடி இருக்கு?"

"இருக்கு அக்கா, ஒளிச்சு வைச்சிருக்கினம்" என்று சிரித்தாள்.

கவிதையில் ஒரு குளம், மாலை வெளிச்சம், ஆளில்லாத படகு. போனது யார் என்று கவிஞர் சொல்லவில்லை. நானோ பழக்கதோஷத்தில் சொல்லுக்குச் சொல் முத்திரை பிடித்து, கடைசியில் கண்ணீரும் துடைத்தேன். ரெஜி வாசிப்பதை நிறுத்திவிட்டாள்.

"கவிதை சொல்லேல்லை. பியானோவும் சொல்லாமல் கரைஞ்சு போகுது. நீங்கள் மட்டும் ஏன் அக்கா காட்டிக் குடுக்கிறியள்?"

எனக்குக் கோபம் வந்தது. கையைக் கட்டிப்போட்டால் நான் எதைத்தான் ஆடுவது?

"குளத்தைப் பாருங்கோ. அது காணும், வேறொண்டும் வேண்டாம்."

அந்த இடத்தில் இசை சற்று நிற்கும். நான் பார்த்து முடித்து மூச்சுவிடும்வரை அவள் அடுத்த கட்டையைத் தொடமாட்டாள். "நான் நிக்கிறன், நீங்கள் அவசரப்படாமல் ஆறுதலா வாங்கோ" என்பாள். அந்த நிறுத்தம் ஒருநாள் குறுகும், ஒருநாள் நீளும். கவிதையும் இசையும் ஆட்டமும் ஒன்றானது அங்கேதான்.

அடுத்த மாதம் மேடை. கைபேசியில் பதிந்த ஒத்திகையைப் போட்டு ஆடச் சொல்கிறார்கள், நல்ல மனதோடுதான். நேற்று முயன்றேன். நான் மூச்சுவிடுமுன் பியானோ போய்விட்டது. திரும்பப் போட்டேன், திரும்பவும் போனது. "நில்லடி ரெஜி!" என்று கத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அது பாட்டுக்கு வாசித்து முடித்தது.

என்னிடம் மிஞ்சியது பதிவிலுள்ள அந்தச் சின்ன மௌனம்தான். காதோடு வைத்தால் அதற்குள் அவள் மூச்சு கேட்கிறது, ஏதோ ஒரு சனிக்கிழமை எனக்காகக் காத்திருந்த மூச்சு. ரெஜி, சொல்லாமல் ஆடச் சொன்னாய். உன்னை அறிந்த எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன்: நீ நிற்காத இடத்தில் எனக்கு ஆடத் தெரியவில்லை.