எப்போது இழுப்பது

கர்ப்பமாயிருந்த மகளுக்கு ஏழாம் மாதம் நடந்தபோது இரத்தம் மிகவும் குறைந்துவிட்டது. மீன், ஈரல், முட்டை ஏதாவது கொடுங்கள் என்று கிளினிக்கில் மிட்வைஃப் சொன்னார். தேயிலைத் தோட்டத்தில் எனக்கு வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. கடை மீனை எட்டிப் பார்க்கவும் முடியாது. என் அக்கா பிரசவத்தில் இரத்தம் போய்த்தான் செத்தாள். அதை மகளிடம் நான் சொன்னதில்லை.

வேலை இல்லாத நாட்களில் எங்கள் லயத்து வீட்டிலிருந்து கொத்மலை நீர்த்தேக்கத்துக்கு இறங்கிப் போனேன். தங்கூசி என்கிற நைலான் நூலில் ஒரு தூண்டில் முள், பிய்ந்த செருப்பில் வெட்டிய மிதப்பு. பெட்ரோல் கிடைக்காமல் ஓட்டோவை நிறுத்திவிட்டு வந்த ஒருவரும் பக்கத்தில் தூண்டில் போடுவார்.

முதலில் கோதுமை மா உருண்டை, தண்ணீரில் கரைந்தது. மாட்டுப்பட்டியில் தோண்டிய மண்புழுவை மாட்டினேன். மிதப்பு ஆடியது. இழுத்தேன். வெறும் முள். ஆழத்தை மாற்றினேன், இடத்தை மாற்றினேன். வெறும் முள்தான்.

“அக்கா, மீனுக்கெல்லாம் சாப்பாடு போட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போவீங்களா?” என்றார் ஓட்டோக்காரர்.

“எப்ப இழுக்கணும் தம்பி?”

“அது கைக்குத் தெரியும்க்கா.”

என் கைக்கு வேறொன்றுதான் தெரியும். பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுக் கொழுந்துக்குப் போனவள் நான். தளிர் விரலில் பட்டால் போதும், கண் சொல்வதற்கு முன்னாலேயே கை பறித்துவிடும். தூண்டிலிலும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன் என்பது புரியப் பத்துப் பன்னிரண்டு நாள் போனது. அதற்குள் மகளின் உதடு இன்னும் வெளுத்திருந்தது.

நூலைக் கம்பில் கட்டி, கம்பைக் கல்லிடுக்கில் சொருகினேன். கைகளைத் தொடைக்கடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மிதப்பு ஆடியதும் ஐந்து எண்ணி இழுத்தேன். ஒன்றுமில்லை. எட்டு எண்ணினேன். ஒன்றுமில்லை. இருபது வரை எண்ணியபோது புழுவையே காணோம். எண்ணுவதை விட்டுவிட்டு, மிதப்பு முழுசாக அமிழ்ந்து பக்கவாட்டில் ஓடும்வரை பார்ப்பது என்று இருந்தேன். ஓடியது. அப்போதுதான் கையை எடுத்து இழுத்தேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு திலாப்பியா.

“இதப் பிடிக்கவாம்மா இத்தன நாளு போனீங்க?” என்று சிரித்தாள் மகள். தலையைக்கூட விடாமல் சப்பித் தின்றாள்.

அடுத்த கிளினிக்குக்குள் நான்கு மீன்கள்தான் கிடைத்தன. மிட்வைஃப் மகளின் இரத்த அளவை அட்டையில் எழுதினார்.

“ஏறலம்மா. எறங்கவும் இல்ல. விடாம குடுங்க. அடுத்த தடவ பாத்துட்டுத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறதான்னு சொல்ல முடியும்.”

மகளை லயத்தில் படுக்க வைத்தேன். மழை பிடித்திருந்தது, மழையில் மீன் கடிக்குமா என்று எனக்குத் தெரியாது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு புழு தோண்டப் போனேன்.