காப்பர்-டியை எடுத்த பிறகு

காப்பர்-டியை எடுத்தது தப்பா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

மகள் பிறந்த கையோடு ஆஸ்பத்திரியில் அதைப் போட்டுவிட்டார்கள். அடுத்த குழந்தைக்கு இடைவெளி வேண்டுமென்று நானும்தான் தலையாட்டினேன். அதன்பின் மாதாமாதம் உதிரப்போக்கு நிற்க மறுத்தது. அடிவயிறு இழுத்துப் பிடித்தது. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் பெண்கள் விளக்கைத் தொடக் கூடாது. அதனால் என் அவஸ்தை தெருவுக்கே தெரிந்தது.

“இன்னாடி, இன்னுமா தலைக்கு ஊத்தல? இந்த அமாவாசைக்கும் நான்தான் வெளக்கு ஏத்தணுமா?” என்று மாமியார் வாசலில் நின்று கத்துவார்.

நர்ஸிடம் போனால், “போட்டுக்கினவங்க எல்லாரும் சும்மாதான இருக்கறாங்க? உனக்கு மட்டும் இன்னாமா?” என்றார். நம்பி, சத்து மாத்திரை விழுங்கிப் பொறுத்தேன். ஒருநாள் அவலூர்பேட்டை பஸ்ஸில் ஏறும்போது, இடுப்பில் குழந்தையோடு மயங்கி விழுந்தேன். மறுநாளே போய் எடுத்துவிட்டேன்.

“அடுத்த வருசமே வயித்தத் தள்ளிக்கினு வருவ, பாரு” என்றார் நர்ஸ்.

மாமியாருக்கோ சந்தோஷம். “நல்லதாப் போச்சு. சீக்கிரம் ஒரு பையனப் பெத்துக் குடு.”

கணவரிடம் ஆணுறை பற்றிப் பேசினேன். “அதெல்லாம் எனக்கு ஒத்துக்காது” என்று எழுந்து போய்விட்டார். எனக்கு ஒத்துக்காததை மட்டும் நான் பொறுத்துக்கொள்ள வேண்டுமாம். இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாமோ என்று நானே என்னைக் குடைவதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமை.

இப்போது இன்னொரு குழந்தையைத் தாங்க என் உடம்பில் தெம்பில்லை. காப்பர்-டியை எடுத்த பெண்களே, அதன்பின் என்ன செய்தீர்கள்? ஒத்துக்காது என்கிற கணவரிடம் எப்படிப் பேசினீர்கள்? தெரிந்ததைச் சொல்லுங்கள்.