பாதியில் நிறுத்திய பதில்

எங்க பேகம்பூர்ல பொம்பளைங்களுக்கு மார்க்கத்துல ஒரு சந்தேகம்னா என்கிட்டத்தான் வருவாங்க. நான் ஒண்ணும் ஓதிப் படிச்சவ இல்ல. பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்கு வாட்ஸ்அப்புல குரல் அனுப்பிக் கேக்குறது என் வேலை, அம்புட்டுத்தான். நெகத்துல பாலிஷ் இருந்தா, தொழுகைக்கு முன்னால கை கால் கழுவுற ஒளு கூடுமான்னு ஒருத்தி கேப்பா. பக்கத்து வீட்டு கிறிஸ்துமஸ் கேக்கைப் பிள்ளைக்குக் குடுக்கலாமான்னு இன்னொருத்தி வருவா. "இரு, ஹஜ்ரத்துக்கிட்ட கேட்டுச் சொல்றேன்"னு சொல்லும்போது எனக்கு ஒரு மெதப்பு வரும் பாருங்க, அது தனி ருசி.

அந்த மெதப்புலதான் ஒரு பாவத்தைச் செஞ்சேன்.

என் தம்பி முப்பத்தஞ்சு வயசுல மாரடைப்புல மவுத்தாயிட்டான். கடைக்குப் போனவன் ஆம்புலன்ஸ்ல வந்தான். அவன் பொண்டாட்டி குஜிலியம்பாறைப் பிள்ளை, கையில நாலு வயசு மக. புருசன் மவுத்தானா நாலு மாசம் பத்து நாள் அவ இத்தா இருக்கணும். வீட்டை விட்டுத் தேவையில்லாம வெளிய போகக்கூடாது, அலங்காரம் கூடாது. அதைப் பாத்துக்கிறேன்னு என் வீட்டைப் போட்டுட்டு நான் தம்பி வீட்டுலயே வந்து உக்காந்துட்டேன்.

பாத்துக்கிட்டேனா? காவல் காத்தேன். பவுடர் டப்பாவை எடுத்து ஒளிச்சேன், அதுக்காச்சும் ஒரு நியாயம் உண்டு. கண்ணாடிக்குத் துணி போட்டு மூடினேன். அது மார்க்கத்துல இல்லவே இல்லைன்னு எனக்கு நல்லாத் தெரியும். ஆனாலும் மூடினேன். என் தம்பி மண்ணுக்குள்ள கெடக்கான், இவ மூச்சு விட்டுக்கிட்டுத் திரியிறாளேன்னு வயிறு எரிஞ்சது. அவன் என்னைவிட அவகிட்டத்தான் சிரிச்சுப் பேசுவான். அந்த எரிச்சலும் பழசு.

இத்தா ரெண்டாவது மாசத்துல அவளோட அண்ணன் போன் பண்ணினாரு. அம்மாவுக்கு ரொம்ப முடியல, வீட்டுக்கே கொண்டு போயிருங்கன்னு டாக்டர் சொல்லிட்டாங்க, மகளைப் பாக்கணும்னு கேட்டுக்கிட்டே இருக்கு, அங்க உங்க ஹஜ்ரத் சொல்றபடி செய்யுங்கன்னாரு. இவ வந்து என் காலடியில உக்காந்தா.

"மதினி, காலையில போயிட்டு சாயங்காலம் வந்துருவேன். எங்கம்மா மொகத்தை ஒருவாட்டி பாத்துட்டு வாரேன். கேட்டுச் சொல்லுங்க மதினி."

"கேட்டுச் சொல்றேன்"னேன்.

அவகிட்ட இருந்தது பட்டன் போன். என்னை விட்டா அவளுக்கு வேற வழி கெடையாது. மாடிக்குப் போயி ஹஜ்ரத்துக்குக் குரல் அனுப்பினேன். "ஹஜ்ரத், இத்தாவுல இருக்கற பொண்ணு சொந்தக்காரங்களப் பாக்க வெளியூர் போகலாமா?" அம்மான்னும் சொல்லல, சாகக் கெடக்குதுன்னும் சொல்லல. பொய் சொன்னேனா? இல்லியே. அதுதான் என் சாமர்த்தியம்.

அரை மணி நேரத்துல பதில் வந்துச்சு. முதல்ல நான் மட்டும் கேட்டேன். அப்புறம் கீழ எறங்கி வந்து அவ முன்னால வச்சுப் போட்டுக் காமிச்சேன். "இத்தாவுல இருக்கவங்க சும்மா சொந்தபந்தத்தப் பாக்க வெளியூர் போகக்கூடாதும்மா." அந்த எடத்துல கட்டைவெரலை அமுக்கி நிறுத்திட்டேன்.

"கேட்டுக்கிட்டீல்ல? ஹஜ்ரத்தே சொல்லிட்டாரு"ன்னேன். அவ எந்திரிச்சுப் போயி வெங்காயம் உரிச்சா.

மூணாம் நாள் அவளோட அம்மா மவுத்தாயிருச்சு. ஹஜ்ரத் சொல்லிட்டாரேன்னு இவ போகல; அடக்கத்துக்குக் குளிப்பாட்டுற எடத்துல பெத்த மக இல்ல. அப்பக்கூட நான் வாயத் தெறக்கல. எப்படித் தெறப்பேன்?

ஒரு வாரம் போயிருக்கும். நான் அசர் தொழுதுக்கிட்டிருந்தேன். என் போன் அடுப்படியில கெடந்துச்சு, அதுக்குப் பூட்டுகீட்டெல்லாம் கெடையாது. ஹஜ்ரத் சொன்னதை இன்னொருவாட்டி கேட்டா மனசு ஆறும்னு அவ எடுத்திருக்கா. ரெண்டாவது ரக்அத்துல நிக்கிறேன், அடுப்படியிலருந்து என் குரல் எனக்கே கேக்குது. "சொந்தக்காரங்களப் பாக்க வெளியூர் போகலாமா?" அடுத்தது ஹஜ்ரத் குரல், இந்தத் தடவை முழுசா. "ஆனா அவசியம்னு ஒண்ணு இருக்கு. பெத்தவங்க சீக்கா கெடந்தா பகல்ல போயிப் பாத்துட்டுப் பொழுது சாய வீடு வந்துரலாம். அப்படி ஏதாச்சும்னா வெவரமாச் சொல்லுங்கம்மா."

தொழுகையை முறிச்சுட்டு ஓடவும் முடியல, நிக்கவும் முடியல. அவ திரும்பத் திரும்பப் போட்டா. நான் நெத்தியைத் தரையில வச்சு ஸுஜூதுல கெடக்கேன், மேல என் குரல் ஓடுது. என்ன ஓதினேன்னு எனக்குத் தெரியாது.

ஸலாம் குடுத்துத் தொழுகையை முடிச்சுட்டுத் திரும்பினேன். வாசப்படியில போனை நீட்டிக்கிட்டு நின்னா. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல.

"எங்கம்மா சொந்தக்காரங்களா மதினி?"

அம்புட்டுத்தான் கேட்டா. சண்டை போடல, யாருகிட்டயும் சொல்லவும் இல்ல. சொல்லியிருந்தா நான் திருப்பிக் கத்தியிருப்பேன், எனக்கும் ஆறியிருக்கும். மிச்ச நாளையும் அதே வீட்டுல என்னோடயே இருந்தா. எனக்குச் சோறு போட்டா, வெஞ்சனம் வச்சா, ஒரு வார்த்தை பேசல. இத்தா முடிஞ்ச மறுநாள் மகளைத் தூக்கிக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. கண்ணாடித் துணியை அவ எடுக்கல, போனப்புறம் நான்தான் எடுத்தேன்.

என்னால தாங்க முடியாம ஒருநாள் ஹஜ்ரத்துக்கு எல்லாத்தையும் அனுப்பினேன். இந்தத் தடவை எதையும் முழுங்கல. பதில் வர ரெண்டு நாளாச்சு. "அல்லாவுக்குச் செஞ்ச குத்தத்துக்கு அல்லாகிட்ட அழுங்க. அந்தப் பிள்ளைக்குச் செஞ்சதை அந்தப் பிள்ளைதான் மன்னிக்கணும். போயிக் கேளுங்க." கடைசி வரைக்கும் கேட்டேன். ஆனாங்கிற வார்த்தை அதுல இல்ல.

குஜிலியம்பாறைக்குப் பஸ் ஏறினேன். வழிபூரா காஞ்ச காடு. ஒண்ணரை மணி நேரம்கூட ஆகல, எறங்கிட்டேன். அடப்பாவி, இம்புட்டுத் தூரம்தானா!

அவ வீட்டுக்குள்ள கூப்பிட்டு, பாய் விரிச்சு, டீ குடுத்தா. நான் அவ கையப் புடிச்சுக்கிட்டு அழுதேன். "மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லு தாயி. நீ சொல்லாட்டி மறுமையில நான் எப்படிம்மா நிப்பேன்?"

கையை மெதுவா உருவிக்கிட்டா.

"கேட்டுச் சொல்றேன் மதினி."

"யாருகிட்டம்மா கேக்கணும்?"

"எங்கம்மாகிட்ட"ன்னுட்டு டீ கிளாஸை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா.