சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி வேண்டாம்

எங்கள் அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கண்ணீருக்கு முன்னே சிரிப்புத்தான் வருகிறது. அக்காவும் அதையே விரும்பியிருப்பார்.

புங்குடுதீவு இறுப்பிட்டியில் மூத்த மகளாகப் பிறந்தவர் அவர். தென்னிலங்கையில் கலவரத்தில் அப்பாவின் கடை எரிந்து, நாங்கள் வெறுங்கையோடு ஊர் திரும்பிய பின், அவருடைய படிப்பே வீட்டைத் தாங்கியது. வெளிநாட்டில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை கிடைத்தது. உணவில் துளியளவு கதிரியக்க இரும்பைக் கலந்து கொடுப்பார்கள். சில வாரங்கள் கழித்து இரத்தம் எடுத்து, அதில் எவ்வளவு இரும்பு சேர்ந்தது என்று கருவியால் அளப்பார்கள். உணவோடு தேநீர் குடித்தவர்களுக்குச் சேர்ந்தது கொஞ்சம்தான். ஆய்வுக்கு ஆள் குறைந்தபோது அக்காவே அந்த உணவைத் தேநீரோடு உண்டு, தன் இரத்தத்திலும் அதையே கண்டார். அன்றிலிருந்து சாப்பிட்ட கையோடு தேத்தண்ணியைத் தொடவே மாட்டார்.

அந்தப் பிடிவாதம் என் கலியாணத்தையே குழப்பப் பார்த்தது. விடுமுறையில் வந்த அக்கா, அம்மாவோடு நயினாதீவுக்கு எனக்குச் சம்பந்தம் பேசப் போனார். விருந்து முடிந்து தேத்தண்ணி வர, "வேண்டாம்" என்று கையைக் காட்டிவிட்டார். சம்பந்தம் பேசிய வீட்டில் தேத்தண்ணியை மறுத்தால் எங்கள் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான்: இந்தச் சம்பந்தம் வேண்டாம். மறுநாளே தரகர் வந்து, "மாப்பிள்ளை வீட்டாருக்கு மனம் விட்டுப் போச்சு" என்றார். எனக்கோ மாப்பிள்ளையை நன்றாகப் பிடித்திருந்தது. அழுது முகம் வீங்கிவிட்டது.

அக்கா உடனே குறிகட்டுவான் துறையில் படகேறித் தனியே போனார். மாப்பிள்ளையின் தாயாருடைய குசினிக்குள் அடுப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கினார். மாமி திடுக்கிட்டாராம்.

"என்ன பிள்ளை, கதிரியக்கச் சாமானையோ சாப்பிட்டனீர்? உம்மட தங்கச்சிக்கும் தொத்தியிருக்குமோ?"

"அது எப்பவோ அடங்கிப் போச்சு, மாமி. உங்கட தேத்தண்ணி குடிக்கத்தான் வந்தனான். ஆனா சோறு தந்தா, பிறகு ஒரு மணித்தியாலம் பொறுக்கவேணும்."

மாமி சிரித்துக்கொண்டே சோறு போட்டார். பிறகு இருவரும் கதைத்துக் கதைத்துத் தேத்தண்ணி குடித்து முடிய, கடைசிப் படகும் போய்விட்டது. அக்கா அங்கேயே தங்கி, காலையில் மாமியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அன்றே என் கலியாணத்துக்கு நாள் வைத்தார்கள்.

கடைசி நாட்களில் தாதி ஒருவர் இரும்புச்சத்துக் குளிசையையும் தேநீரையும் ஒன்றாகக் கொண்டுவர, "பிள்ளை, இவை ரெண்டும் சண்டைக்காரர், சேத்து விடாதையும்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்போடுதான் எங்களை விட்டுப் போனார்.

அக்காவைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், துயரில் தோள் தந்த உறவினர், அயலவர், நண்பர்களுக்கும் எங்கள் நன்றி. முப்பத்தோராம் நாளான இன்று அந்தியேட்டிப் போசனம் முடிந்தவுடன் தேத்தண்ணி வராது. யாரும் கோபிக்க வேண்டாம். ஒரு மணித்தியாலம் இருந்து அக்காவைப் பற்றிக் கதையுங்கள். படகு போனால் போகட்டும். படுக்க வீட்டில் இடம் இருக்கிறது.