வெள்ளிக்கிழமை கேட்கக் கூடாத கேள்வி

மைசூரில் தற்கொலைத் தடுப்புத் தொலைபேசிச் சேவை ஒன்றில் நான் தன்னார்வலர். அழைப்பவரிடம் சந்தேகம் தட்டினால், "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்க வேண்டும். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது.

அந்த வெள்ளிக்கிழமை விஜயநகர் வீட்டிலிருந்து கிளம்பும்போது என் நாத்தனார் வாசலில் மறித்தாள்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா அந்த வார்த்தை வேணுமா அண்ணி? நீங்க கேட்டா, தோணாதவளுக்கும் தோணிடும்."

ஸ்கூட்டரைக் கிளப்பினேன். ஆனால் அந்தப் பேச்சு கூடவே வந்தது.

மதியம் ஒரு பெண் அழைத்தாள். கன்னடத்தில் தடுமாறினாள். "தமிழ்லயே பேசும்மா" என்றேன். வீடு, வேலை என்று என்னென்னவோ சொன்னாள். கடைசியில், "எல்லாத்துக்கும் ஒரேடியா லீவு போட்டரலாம்னு இருக்குதுங்க" என்று சிரித்தாள்.

நாத்தனாரின் பேச்சு நினைவுக்கு வந்தது. அதைத் தள்ளிவிட்டுக் கேட்டேன்.

"சாகணும்னு தோணுதாம்மா?"

சிரிப்பு நின்றது.

"ஆமாங்க. இத யாருமே கேக்கலீங்க. கேட்டிருந்தா சொல்லியிருப்பனுங்க."

அதன்பிறகுதான் அழுதாள், உண்மையாகப் பேசினாள். அக்காவை உடனே வரச்சொல்வதாகச் சொல்லிவிட்டு போனை வைத்தாள்.

வீடு திரும்பியபோது நாத்தனார் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கும் கேட்டீங்களா?"

"கேட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமையும் கேட்பேன்."

அந்தப் பெண் இப்போது எப்படி இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு வழியில்லை. ஆனால் நல்ல நாள் பார்த்து வாயை மூடிக்கொள்ள என்னால் ஆகாது. அந்த வார்த்தையோடு அவள் தனியாகக் கிடந்தபோதும் வெள்ளிக்கிழமைகள் வந்துதானே போயின?