சீசன் பிள்ளையின் கைராசி

மேலகரம் தில்லைநாயகம் பிள்ளையைத் தென்காசிக் கடைத்தெருவில் பேர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. சீசன் பிள்ளை என்றால் சின்னப் பிள்ளைகூட வழி காட்டும். அந்தப் பட்டப்பேரைக் கேட்டு அவருக்கு நெஞ்சு நிமிரும். அவர் மனைவி இராமலட்சுமிக்கு வயிறு எரியும்.

பாளையங்கோட்டையில் இன்டர்மீடியட் படிக்கப் போய், இரண்டு தரம் கோட்டை விட்டு, தலையணை கனத்தில் ஒரு இங்கிலீஷ் அகராதியோடு ஊர் திரும்பிய மனுஷன் அவர். அந்த அகராதியையாவது முழுசாகப் படித்தாரா? அதுவும் இல்லை. அத்தனை ஆயிரம் வார்த்தைகளில் ஒற்றை வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் எண்ணெய் தேய்த்துவிடுகிறவன் முதல் மங்குஸ்தான் விற்கிறவள் வரை எல்லோர் வாயிலும் புரளுகிற வார்த்தை. சீசன்.

"இத்தன பேரு சொல்லுதானுவளே, அது எங்கேருந்து வந்துச்சுன்னு ஒருத்தனுக்காவது தெரியுமா?" என்பார். யாருக்கும் தெரியாது. தெரியாமல் யாருக்கும் ஒரு குறையும் வந்ததில்லை என்பது மட்டும் அவர் மூளையில் ஏறவே இல்லை.

செங்கோட்டை ரோட்டில் முகம்மது கனியின் மரக்கடைக்கு ஒரு நிலைச்சட்டம் வாங்கப் போனார். காய்ந்து பதப்பட்ட தேக்குக்கும் அதே வார்த்தைதான் என்று தொடங்கினார். கனி தலையில் தொப்பியை வைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, தொழுகைக்கு நேரமாச்சு" என்று எழுந்து நின்றும் பிள்ளை விடவில்லை. கடைசியில் நிலைச்சட்டம் வாங்காமலே வந்தார். ஸ்டேஷனில் மாதப் பாஸுக்கு ஏன் சீசன் டிக்கெட் என்று பேர் வந்தது என்று டிக்கெட் கொடுப்பவரிடம் விளக்கிக்கொண்டிருந்ததில், பின்னால் நின்றவர்களுக்கு ரயில் போய்விட்டது. அன்றைக்கு அடி வாங்காமல் வீடு வந்தது அவர் முன்னோர் செய்த புண்ணியம்.

சாப்பாட்டு இலையிலும் இதே கூத்துதான். "உப்பு, மொளகு, காரம் பாத்துப் போடுதோம்லா, அதுக்கும் வெள்ளைக்காரன் இதே வார்த்தையத்தான் சொல்லுதான்" என்று ஒருநாள் ஆரம்பித்தார்.

"ரசத்துல உப்பு இல்லன்னு நேராச் சொல்லுங்களேன்" என்றாள் இராமலட்சுமி. "அதுக்கு எதுக்கு வெள்ளைக்காரன இழுக்கிய?"

பேசியே அவருடைய அப்பா வைத்த வயலெல்லாம் கைமாறிப் போயிற்று. மிஞ்சியது இராமலட்சுமி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த வயல் ஒன்றுதான். அது விளைந்தால் அந்த வீட்டில் உலை கொதிக்கும், விளையாவிட்டால் இல்லை. போன வருஷம் கார் சாகுபடிக்கு விதைப்பு பிந்தி, கதிரெல்லாம் மணி பிடிக்காமல் சாவியாகப் போயிற்று. இந்த வருஷம் விதைக்கென்று அவள் ஒதுக்கிய நெல், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்தது. அதுவும் போனால் மறு விதைக்கு அவள் எங்கே போவாள்?

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம். நாற்றங்காலில் முதல் கைப்பிடி விதையை வீட்டு ஆம்பிளைதான் போட வேண்டும். அவர் கைராசியில்தான் பயிர் நிற்கும் என்று பேச்சு. அதற்கு முன்னால் விதைக் கடகப் பெட்டியை வேறு யாரும் தொட மாட்டார்கள். வயலைப் பார்த்துக்கொண்ட சிவசைலம் எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்க மாட்டான். போன வருஷம் பிந்தியதும் அந்தக் கைராசிக்குக் காத்திருந்துதான். நல்ல கைராசி, போங்கள்!

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆனி மாதம். நெல்லை ஊறவைத்து, சாக்கில் கட்டி, வைக்கோல் மூடிக் கல்லேற்றி வைத்திருந்தார்கள். காலையில் பிரித்துப் பார்த்தபோது வெள்ளை வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. அன்றைக்கே நாற்றங்காலில் விதையைப் பாவிவிட வேண்டும். விட்டால் முளை நீண்டு, ஒன்றோடொன்று பின்னி, சூட்டில் வெந்து நாறிவிடும்.

"அருவியில தலைய நனைச்சிட்டு வந்துருதேன். குளிக்காம விதைக்கப்பிடாதுலா" என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார் பிள்ளை.

போனவர் போனவர்தான். வெயில் உச்சிக்கு வந்தது. சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்தாள் இராமலட்சுமி. அடுப்படிச் சாம்பல் மாதிரி சுட்டது. சிவசைலத்தைச் சைக்கிளில் குற்றாலத்துக்கு விரட்டினாள்.

அவன் தனியாகத்தான் திரும்பி வந்தான்.

"எங்கலே அவுக?"

"மதராஸ்லேருந்து ரிட்டயரான ஜட்ஜு ஒருத்தரு பங்களா எடுத்துத் தங்கியிருக்காராம், ஆச்சி. அவருக்கு முன்னால உக்காந்து பேசிக்கிட்டிருக்காவ. விதை கெடுதுன்னு சொன்னேன். 'சும்மா நில்லுலே, முக்கியமான எடத்துக்கு வந்துட்டேன்'ங்காவ."

"என்ன முக்கியமான எடமாம்?"

சிவசைலம் தலையைச் சொறிந்தான். "அந்த வார்த்தைக்கு ஆதியில லத்தீன்லயோ எதுலயோ விதைக்கிறதுன்னுதான் அர்த்தமாம். அதத்தான் கையை ஆட்டி ஆட்டி வெளக்குதாவ. ஜட்ஜம்மா காப்பி கொடுத்தாக. குடிச்சிட்டு மறுபடியும் ஆரம்பிச்சுட்டாவ."

இராமலட்சுமி அவனையே பார்த்தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் அந்த மனுஷன் மேல் அவளுக்குக் கோபம் இருந்தது, எரிச்சல் இருந்தது, கொஞ்சம் பாவம் என்றும் இருந்தது. அந்த நிமிஷத்தில் அவை எல்லாம் வடிந்து, சீ என்று மட்டும் ஆயிற்று. சேலையை வரிந்து செருகிக்கொண்டு, சாக்கிலிருந்த விதையைக் கடகத்தில் கொட்டித் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"ஆச்சி, வேண்டாம்!" என்று பதறினான் சிவசைலம். "கட்டுனவுக உயிரோட இருக்கும்போது பொம்பள முதக் கை போட்டா ஆகாது. ஊரு என்ன பேசும்?"

"ஊரு வந்து எனக்குச் சோறு போடுமா? நட லே."

நாற்றங்காலில் சேற்றுத் தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது. மேற்கே மலையிலிருந்து சாரல் இறங்கிக்கொண்டிருந்தது. வரப்பில் தேங்காயை உடைத்தாள். கழுத்துத் தாலியை ஒரு தரம் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். முதல் கைப்பிடியை அள்ளி வீசினாள். மீதி விதையைச் சிவசைலம் வாங்கிப் பாவி முடித்தான்.

பொழுது சாய்ந்து வந்த பிள்ளை, ஜட்ஜ் தன் கையைப் பிடித்துக் குலுக்கிய கதையைச் சாப்பாடு முடியும்வரை சொன்னார். விதை என்னாயிற்று என்று ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

நாலாம் நாள் காலையில் வயலோரம் ஒரு கார் வந்து நின்றது. ஜட்ஜும் அவர் மனைவியும் இறங்கினார்கள். முன்னால் பிள்ளை, சில்க் ஜிப்பா, காலில் பம்ப் ஷூ. நாற்றங்காலுக்குத் தண்ணீர் பார்த்துக்கொண்டிருந்த இராமலட்சுமி நிமிர்ந்தாள்.

"நம்ம பக்கத்துல விதைப்புன்னா எங் கை பட்டாத்தான் ஆரம்பம்" என்று ஜட்ஜிடம் அளந்துகொண்டே வந்தார். "இப்பப் பாருங்க, அந்த வார்த்தையோட ஆதி அர்த்தத்தக் கண்ணால காட்டுதேன். ஏலே சிவசைலம், விதையக் கொண்டா!"

முளைகட்டின விதை நாலு நாள் இவருக்காகக் காத்துக்கொண்டிருக்கும் என்று அந்த மேதை நம்பியிருக்கிறார்! சிவசைலம் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதற்குள் பிள்ளை வரப்பிலிருந்து இறங்கி, கையை நீட்டியபடி நாற்றங்கால் நடுவே போய் நின்றுவிட்டார்.

"காலை எடுங்க" என்றாள் இராமலட்சுமி.

"என்ன?"

"நாத்து மேல நிக்கிய. காலை எடுங்க."

குனிந்து பார்த்தார். ஊசி ஊசியாகப் பச்சை கண் திறந்திருந்தது. அவர் ஷூவுக்கு அடியில் ஒரு கை அகலம் சேற்றில் அழுந்திக் கிடந்தது. அவசரமாகக் காலை இழுத்தார். கால் வந்தது, ஷூ வரவில்லை.

"இத யாரு விதைச்சது?" என்று கேட்டார் ஜட்ஜ்.

பிள்ளை குனிந்து சேற்றுக்குள் ஷூவைத் துழாவினார்.

"ஆச்சி கை" என்றான் சிவசைலம்.

ஜட்ஜ் இராமலட்சுமியைப் பார்த்துக் கும்பிட்டார். அவள் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு, அழுந்திய நாற்றை விரலால் நிமிர்த்திவிடக் குனிந்தாள்.

அந்த வருஷம் கார் நெல் நன்றாகவே விளைந்தது. அதற்காகப் பிள்ளை திருந்தினார் என்று நினைத்துவிட வேண்டாம். அதற்கப்புறமும் பல வருஷம் குற்றாலத்துக்கு வந்தவர்களைப் பிடித்து வைத்து அந்த வார்த்தையை விளக்கிக்கொண்டுதான் இருந்தார். ஆதி அர்த்தம் வரும்போது மட்டும் குரல் இறங்கும்.

ஐப்பசியில் அடுத்த போகமான பிசான விதைப்புக்குச் சிவசைலம் தேங்காய் பழத்தோடு வந்தான். குளித்து, திருநீறு பூசி, வேட்டியை மடித்துக் கட்டி, அன்றைக்கென்று எங்கும் போகாமல் நடு வீட்டில் தயாராக உட்கார்ந்திருந்தார் பிள்ளை. சிவசைலம் அவருக்கு ஒரு கும்பிடு போட்டான். அவரைத் தாண்டி அடுக்களை வாசலுக்குப் போய் நின்றான்.

"ஆச்சி, விதை போட வாரியளா?"