நீலப் பட்டை அடித்த வீட்டுக்கு ஒரு காப்பீடு

வீட்டுச் சாவியை வாங்கிய பிற்பகலில் நான் பார்த்தவை இரண்டுதான். ஒன்று, பின்பக்கத்து ஜன்னல். வெளியே உப்பளங்கள் பாத்தி பாத்தியாக வானத்தைத் தேக்கி வைத்திருந்தன. அதற்கும் அப்பால் துறைமுகத்துக் கிரேன்கள், தூங்கிக்கொண்டே நிற்கும் கொக்குகளைப் போல. இன்னொன்று, கூடத்துச் சுவரின் அடியில் ஓடிய நீலப் பட்டை. தரையிலிருந்து முழங்காலுக்கு ஒரு சாண் மேல்வரை பளபளவென்று எண்ணெய்ப் பெயின்ட். வெயில் அதில் பட்டதும் கூடமே மெல்ல அசைவதுபோல் இருந்தது. கடலை வீட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறான் ஒரு ரசிகன் என்று நினைத்தேன். தெருவில் எல்லா வீட்டிலும் அதே நீலம் இருந்தது. முத்தையாபுரத்தில் இவ்வளவு ரசிகர்களா என்று புல்லரித்தது.

கடன் கொடுத்த வங்கியில், வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்து ஒரு வாரத்தில் காகிதத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. என் தொழிலே அதுதானே. கப்பலில் வந்த சரக்கு நனைந்துவிட்டால், அது மழைத் தண்ணீரா கடல் தண்ணீரா என்று பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கிற சர்வேயர் நான். பதினாறு வருடமாக ஊரார் மூட்டைகளில் ஈரம் தேடியவன்.

மூன்று கம்பெனிகளின் காகிதங்களைத் தரையில் பரப்பிப் படுத்துக்கொண்டே படித்தேன். பூகம்பம், புயல், வெள்ளம், இடி, நிலச்சரிவு. காற்று வந்து பக்கங்களைப் புரட்ட, என் வீடு ஒவ்வொன்றிலும் விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருந்தது. நிலச்சரிவுக்கு நம் ஊரில் மலை எங்கே என்று யோசித்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன். வீடு வாங்கிய முழு விலையையும் காப்பீட்டுத் தொகையாக எழுதிவிட்டுத்தான் தூங்கினேன்.

மறுநாள் வந்த ஏஜென்ட் அதைப் பார்த்துத் தலையில் கைவைத்தார். “அண்ணாச்சி, மனை விலையையும் சேத்துப் போட்டிருக்கீய. வெள்ளம் வந்தா மண்ணையா தூக்கிட்டுப் போவும்? இடிஞ்சா திருப்பிக் கட்ட என்ன ஆவும், அதப் போடுங்க.”

என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “பதினாறு வருச சர்வீஸாக்கும்” என்றாள்.

ஏஜென்ட் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். இந்த வீட்டுக்குள் இதற்கு முன் வெள்ளம் வந்திருக்கிறதா என்று ஒரு கேள்வி. “இல்லன்னு போடுங்க. எல்லாரும் அப்படித்தான் போடுதாவ.”

“வந்துச்சா, வரலையா?” என்று என்னைக் கேட்டாள் மனைவி.

எனக்குத் தெரியாது. வீடு வாங்கும்போது ஜன்னலைப் பார்த்தேன், நீலத்தைப் பார்த்தேன், கேட்கவேண்டியதை ஒருவரிடமும் கேட்கவில்லை.

“என் நகை, உங்க பி.எஃப்., எல்லாம் இந்தச் செவத்துலதான் இருக்கு. தண்ணி வந்து, இன்சூரன்ஸ்காரனும் தரமாட்டேன்னு சொன்னா, நமக்கு மறுபடி ஒரு வீடு கெடையாது. தெரிஞ்சுட்டு எழுதுங்க.”

பக்கத்து வீட்டில் கேட்டால் முடிந்துவிடும். ஆனால் நிபுணன் அப்படிச் செய்வானா? ஆபீஸிலிருந்து சில்வர் நைட்ரேட் குப்பியைக் கொண்டுவந்தேன். நனைந்த சாக்கில் இரண்டு சொட்டு விட்டால், உப்பு இருந்தால் பால்போல் வெளுக்கும். கடல் தண்ணீர் என்று எழுதிவிடலாம். பட்டையைச் சுரண்டி, காரையைத் தண்ணீரில் கரைத்துச் சொட்டு விட்டேன். வெளுத்தது. “ஏளா, கடல் வந்திருக்கு!” என்று மனைவியைப் பார்த்துக் கத்தினேன். ஆள் உயரத்தில் சுரண்டினேன். அதுவும் வெளுத்தது. ஸ்டூல் போட்டுக் கூரையருகே சுரண்டினேன். பால்.

மனைவி குப்பியை வாங்கி, என் கழுத்து வேர்வையைத் துடைத்த துண்டின் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டாள். வெளுத்தது.

“கடல் ஒங்க கழுத்து வரைக்கும் வந்துருக்கு. இதையும் எழுதிருங்க.”

உப்பளத்து மண்ணில், உப்புக் காற்றில், உப்புத் தண்ணீர் விட்டுக் குழைத்துக் கட்டிய வீடு. அதில் உப்பு தேடியவன் நான் ஒருவன்தான். மதில்மேல் கை வைத்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னார்: “என்ட்ட கேட்டா சொல்லிருப்பேம்லா! கடலும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தப் பெரிய மழைக்குக் கொளத்துத் தண்ணி வந்து நாலு நாள் நின்னுச்சு. கறை போவவே இல்ல. எத்தன வெள்ளையடிச்சாலும் பூத்துப் பூத்து வந்துச்சு. தெருவே சேந்து மொத்தமா நீலம் வாங்கி, தண்ணி நின்ன மட்டத்துக்கு அடிச்சுட்டோம்.”

ரசிகர்கள் அத்தனை பேரும் ஒரே நொடியில் தெருவைக் காலி செய்துவிட்டுப் போனார்கள்.

ஏஜென்டிடம் சொன்னேன். “ஆமான்னு போட்டா ஆயிரம் கேள்வி கேப்பாவ அண்ணாச்சி. பாங்க்ல குடுத்த நாளும் தாண்டிரும்” என்றார். அவர் சொன்னது நியாயமாகவே பட்டது. பேனாவும் ‘இல்லை’ பக்கம் சாய்ந்தது. அப்போதுதான், தண்ணீர் வடிந்தபின் இந்தக் கூடத்துக்கு யார் வருவார் என்று நினைத்துப் பார்த்தேன். சட்டைப்பையில் குப்பி வைத்திருக்கிற ஒருவர். சுவரைச் சுரண்டுவார், மதிலோரம் அந்த அக்காவிடம் பேச்சுக் கொடுப்பார், பிறகு மறைத்துவிட்டார்கள் என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுப்பார். அப்படி ஒரு பருப்பு வியாபாரியைப் பற்றி நானே எழுதியிருக்கிறேன். அவர் முகம் இப்போதும் ஞாபகத்தில் இருக்கிறது.

‘வந்திருக்கிறது. முழங்காலுக்கு ஒரு சாண் மேல். நான்கு நாள்’ என்று மூன்று கம்பெனிக் காகிதங்களிலும் எழுதினேன்.

ஒரு கம்பெனி மறுத்துவிட்டது. இன்னொன்று பதிலே போடவில்லை. மூன்றாவது கம்பெனி ஒரு இன்ஜினியரை அனுப்பி அளந்து, கூடுதல் பிரீமியத்தோடும், நஷ்டத்தில் முதல் பங்கை நாங்களே ஏற்கவேண்டும் என்ற நிபந்தனையோடும் ஏற்றுக்கொண்டது. வங்கியில் மூன்று வாரம் நடையாய் நடந்து அவகாசம் வாங்கினேன். வீட்டுச் சாமான்களையும் சேர்க்கவேண்டும் என்று மனைவி பட்டியல் போட்டாள்: பிரிட்ஜ், கட்டில், தையல் மிஷின். என் பெயரைக் காணோமே என்றேன். “பழைய சாமானுக்கு ஒண்ணும் தரமாட்டாங்களாம்.”

பாலிசி வந்த பத்தாம் நாள் மழை பிடித்தது. பகலெல்லாம் ஒரே சாம்பல் வெளிச்சம். உப்பளமும் வானமும் ஒன்றாகி, ஜன்னலுக்கு வெளியே எதற்கும் விளிம்பில்லை. வீடு நங்கூரத்தை எடுத்துவிட்டதோ என்றிருந்தது. தெருத் தண்ணீர் முதல் படி ஏறியது, இரண்டாவது படியை நனைத்தது, அங்கேயே நின்று கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு இறங்க ஆரம்பித்தது.

நான் வாசலிலேயே நின்றேன்.

“என்ன, தண்ணி உள்ள வரலையேன்னு வருத்தமா?” என்றாள் மனைவி பின்னாலிருந்து.

குனிந்து, படியில் நனைந்துகொண்டிருந்த செருப்புகளை எடுத்து உள்ளே வைத்தேன்.